எதிர்த்த கட்டடத்துக்கு வழி

தன் வீட்டுக்கு எதிர்த்த கட்டடத்துக்குப் போக யாராவது அடுத்த ஊர்க்காரரிடம் வழி கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். ஆனால் குற்றாலம் கேட்டது. தென்காசி சொன்னதை நம்பிக் கிளம்பியும் வந்தது. இதை இன்னும் எத்தனை முறைதான் சொல்வது? காகிதத்தில் படம் போட்டுச் சொல்லியாயிற்று. மேசைமேல் டீ டம்ளர்களை நகர்த்திச் சொல்லியாயிற்று. இனி ஆடிக் காட்டுவது ஒன்றுதான் பாக்கி.

உமாதேவி இதில் ஒரு சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. செல்பேசியில் வந்திருந்த செய்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலாளி கோமதிசங்கர் அனுப்பியிருந்தார். "நாலு மணிக்கு இசக்கிப்பாண்டி லாட்ஜுக்கு வந்திரும்மா. லேப்டாப் எடுத்துக்கோ. முகத்தைத் தூக்கி வச்சுக்கிடாத." கடைசி வாக்கியம்தான் எரிச்சலைக் கிளப்பியது. தன் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அங்கே பேசப்போவது என்ன என்று தெரிந்ததால்தானே தெரியும்?

"என்னக்கா, ஓலை வந்துட்டா?" என்றான் ரிஃபாத். அந்த அலுவலகத்தில் அவளுக்கு அடுத்த எஞ்சினியர். ஜன்னலோரம் நின்று சாரலில் கையை நீட்டி நனைத்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டு. லேப்டாப்போட வரணுமாம்."

"அப்ப ஃபில்டரை எடுக்கச் சொல்லத்தான்."

"பின்ன, ஐந்தருவில குளிக்கவா கூப்பிடுவாரு?"

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது அவர்களுடைய இன்டர்நெட் கம்பெனி. தென்காசியிலிருந்து சிவகிரி வரை கோமதிசங்கரின் கேபிள்தான் ஓடுகிறது. குற்றாலத்தில் இசக்கிப்பாண்டி. கேபிள் டிவியில் ஆரம்பித்து லாட்ஜ்களுக்கெல்லாம் நெட் கொடுத்து வளர்ந்தவர். இந்தக் கோடையில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கம்பெனி ஆனார்கள். மாலை போட்டுக்கொண்டார்கள், ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கத்து ரவுட்டர்களையும் சேர்த்துவைக்கும் வேலை உமாதேவியிடம் வந்தது.

ரவுட்டர்கள் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பவை. இன்ன இடத்துக்கு என் வழியாகப் போகலாம், இவ்வளவு தூரம் என்று ஒன்று மற்றொன்றுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தென்காசிப் பெட்டிகள் பேசுவது ஒரு முறை. குற்றாலத்துப் பெட்டிகள் பேசுவது வேறொரு பழைய முறை. எவரோ எந்தக் காலத்திலோ போட்டுவைத்தது. சீசன் நேரத்தில் அதைத் தொட யாருக்கும் தைரியமில்லை. அதனால் இரண்டு ஊருக்கும் நடுவே மேலகரத்தில் ஒன்றும் இலஞ்சியில் ஒன்றுமாக, இரண்டு முறையும் தெரிந்த இரண்டு ரவுட்டர்களை வைத்து, இந்தப் பக்கம் பேசுவதை அந்தப் பக்கம் சொல்லவைத்தாள். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் இரண்டு.

வினையும் அந்த இரண்டில்தான் இருந்தது. குற்றாலம் மேலகரத்தில் சொல்லும் சேதி தென்காசிக்குள் நுழையும். ஒரு சுற்றுச் சுற்றி இலஞ்சி வழியாகக் குற்றாலத்துக்கே திரும்பி வரும். வரும்போது அது குற்றாலத்தின் சேதியாக வராது. தென்காசியின் சேதியாக வரும். 'உன் அருவிக்கரைக்கா? எனக்குத் தெரியும், பக்கம்தான், என் வழியாக வா' என்று இலஞ்சி சொல்லும். அந்தப் பழைய முறையில் பேசும் பெட்டிகளுக்குத் தூரத்தை மட்டும்தான் கேட்கத் தெரியும். முதலில் இதைச் சொன்னது யார் என்று கேட்கத் தெரியாது.

ஆகவே உமாதேவி இரண்டு இடத்திலும் ஒரு ஃபில்டர் போட்டாள். குற்றாலத்திலிருந்து வந்ததைக் குற்றாலத்துக்கே திருப்பிச் சொல்லாதே. அவ்வளவுதான் அது. குற்றாலத்து வழிகள் தென்காசிக்கு வருவதை அது தடுக்கவே இல்லை.

ஆனால் அதைத் திரையில் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். குற்றாலத்து முகவரி எண்கள் ஒவ்வொன்றுக்கும் நேரே தடை, தடை என்று கீழே வரைக்கும் இறங்கும். எந்தத் திசையில் தடை என்பது வேறொரு மூலையில் இருக்கும். வடகரையில் கேபிள் நடத்தும் விஜய்பாண்டி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டான். இசக்கிப்பாண்டியின் மச்சான். அரைகுறையாக விஷயம் தெரிந்தவன். "மச்சான், உங்க ஊரை அவங்க ஒதுக்கி வச்சிருக்காங்க" என்று போய்ச் சொல்லிவிட்டான்.

ஒதுக்கி வைப்பது. அந்தச் சொல் இசக்கிப்பாண்டியின் மனத்தில் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று உமாதேவிக்குத் தெரியாமல் இல்லை. கோமதிசங்கரின் அப்பாவுக்கு நிலம் இருந்த காலத்தில் இசக்கிப்பாண்டியின் அப்பா அதில் நாற்று நட்டவர். மாலை போட்டுக்கொண்ட ஃபோட்டோவில் அதெல்லாம் தெரியாது. ஒரு ஃபில்டரில் தெரிந்துவிட்டது. அவளுக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. இரக்கம் வந்த கையோடு, இவருடைய காயத்துக்கு என் ரவுட்டரா மருந்து என்று ஆத்திரமும் வந்தது.

போன மாதம் சிவகிரியில் ஒரு கல்யாணத்துக்கு அவள் போயிருந்தபோது, கோமதிசங்கர் ரிஃபாத்தைக் கூப்பிட்டு ஃபில்டரை எடுக்கச் சொன்னார். எடுத்தான். ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி முழுக்க எல்லாம் ஓடியது. காலையில் இசக்கிப்பாண்டி ஃபோன் போட்டு, "பாத்தீகளா அண்ணாச்சி, குடி முழுகிட்டா?" என்று சிரித்தாராம். மத்தியானம் ஒரு காற்றும் மழையும் வந்தது. அருவிக்கு மேலே போகும் லிங்க் ஒன்று ஒரு நிமிஷம் அறுந்து மறுபடி சேர்ந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் குற்றாலத்துப் பெட்டிகள் வழி தெரியாமல் திகைக்க, இலஞ்சி முந்திக்கொண்டு, 'எனக்குத் தெரியும், வா' என்றது. குற்றாலத்து நெட் அதை நம்பிக் கிளம்பிச் சுற்றிச் சுற்றி வந்தது.

லாட்ஜ்களில் நெட் போனால் திட்டு மட்டும்தான் விழும். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அருவிக்கு மேலே, தண்ணீர் இறங்கும் பாறை இடுக்கைப் பார்த்தபடி லாட்ஜ்காரர்கள் சங்கம் ஒரு கேமரா வைத்திருந்தது. படம் முதலில் இசக்கிப்பாண்டியின் லாட்ஜுக்கு வந்து, அங்கிருந்து ரோட்டைக் கடந்து போகும். லாட்ஜுக்கு எதிரே மாடி அறையில் ஒரு காவலாள் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மலையில் மழை பெய்து தண்ணீர் நிறம் மாறி ஏறினால் சைரனை அழுத்துவார். கீழே குளிப்பவர்கள் ஓடி வெளியே வருவார்கள்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, குற்றாலத்தில் நெட் இல்லை என்று ரிஃபாத்திடமிருந்து ஃபோன் வந்தது. அவள் முதலில் கூப்பிட்டது காவலாளைத்தான்.

"படம் ஓடுதா அண்ணாச்சி?"

"நல்லா ஓடுது மேடம். தண்ணி கம்மியாத்தான் வருது."

எதற்கும் திரையை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். பாறை இடுக்கில் வெள்ளையாக மெலிந்த தண்ணீர். அதற்கு முன்னால் அந்தரத்தில் ஒரு மஞ்சள் இலை. இன்னொரு ஃபோட்டோ அனுப்பச் சொன்னாள். அதே தண்ணீர். அதே இடத்தில் அதே இலை, விழாமல் நின்றது.

அவர் நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இலையில் பாயசம் விட வந்தவரைக் கையமர்த்திவிட்டு எழுந்து, கை கழுவும் இடத்தில் நின்றபடி செல்பேசியிலேயே ஃபில்டரைத் திரும்பப் போட்டாள். அன்றைக்குத் தண்ணீர் ஏறவில்லை. அது யாருடைய சாமர்த்தியமும் இல்லை. அன்றைக்கே ரவுட்டர்களின் பாஸ்வேர்டையும் மாற்றினாள், ரிஃபாத்துக்குக்கூடச் சொல்லாமல்.

"மழை வந்துச்சு, நெட் போச்சு" என்றார்கள் கோமதிசங்கரும் இசக்கிப்பாண்டியும். பாதி நிஜம்தான். முழுப் பொய்யாக இருந்தால் வாதாடியிருக்கலாம்.

கிளம்பும்போது செல்பேசி அடித்தது. நாத்தனார் கல்யாணசுந்தரி, மதுரையிலிருந்து.

"மைனி, காய்ச்சல் விட்டுட்டா?"

இந்தக் காய்ச்சல் ஒரு தனிக் கதை. சீசன் வந்தால் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சொந்தக்காரர்கள் முளைப்பார்கள். உமாதேவி போன வாரம் மாமியாரிடம் ஒரு பேச்சு சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கு, அவங்களை அடுத்த வாரம் வரச் சொல்லலாமா அத்தை? மாமியார் அதை மகளிடம் சொல்ல நாக்கூசி, அவளுக்கு அசதியா இருக்காம் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார். கல்யாணசுந்தரி அதை அண்ணனிடம் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். திருநெல்வேலியில் வேலை முடிந்து வீடு திரும்பிய கணவன் ஜெகதீஸ்வரன், "உனக்கு மேலுக்கு முடியலையாமே, ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று முகம் வாடி நின்றான். உமாதேவி கழுத்தில் கைவைத்துப் பார்த்தாள். கொஞ்சம் சூடாக இருப்பதுபோலத்தான் இருந்தது. அன்றைக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தும் இருந்தாள். பாதித் தூக்கத்தில்தான் உறைத்தது, இது தான் சொன்ன பேச்சு அல்லவா என்று. அவர்கள் மாற்றிச் சொன்னதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டதுதான் இன்றுவரைக்கும் அறுத்துக்கொண்டிருக்கிறது.

"எனக்குக் காய்ச்சலே இல்ல கல்யாணி."

"அப்ப நல்லதாப் போச்சு. நாளைக்கு நாங்க எட்டுப் பேரு வாரோம். நீங்க ஒண்ணும் மெனக்கெட வேண்டாம் மைனி. இட்லியும் கொஞ்சம் சாம்பாரும் சட்னியும் போதும். மத்தியானத்துக்கு என்னன்னு குளிச்சிட்டு வந்து பாத்துக்கிடலாம்."

"வாங்க" என்றாள் உமாதேவி. அவள் யோசிப்பதற்கு முன்பே அந்தச் சொல் வெளியே போய்விட்டது. பிறகு ஸ்கூட்டர் சாவியைத் தேடுவதுபோலச் சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரிஃபாத் கம்பெனி வேனை எடுத்தான். மேலகரம் தாண்டியதும் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. முன்னால் சுற்றுலா வேன்கள், எண்ணெய் தேய்த்த தலைகள், நேந்திரங்காய் சிப்ஸ் பொரியும் வாசனை. கண்ணாடியில் சாரல் பூசிப் பூசி அழிந்தது.

"எடுத்துட்டு வந்துருங்கக்கா" என்றான். "விழுந்தா அவங்களே நிமித்தட்டும். ஒருதரம் தானா அனுபவிச்சாத்தான் புத்தி வரும்."

"அனுபவிக்கப்போறது அவங்களா ரிஃபாத்து?"

வண்டிக்குக் குறுக்கே ஈரத் துண்டோடு ஒரு குடும்பம் ஓடியது. அவன் பிரேக்கை மிதித்தான்.

இசக்கிப்பாண்டியின் லாட்ஜ் முன்னறையில் கோமதிசங்கர் ஏற்கெனவே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த டிவியில் மேலேயிருந்து வரும் கேமராப் படம். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே, ரோட்டுக்கு அந்தப் பக்கத்து மாடியில், காவலாளின் முதுகு தெரிந்தது.

"வாங்க தங்கச்சி, நனைஞ்சிட்டீகளே" என்றார் இசக்கிப்பாண்டி. கனத்த உடம்பு, கனத்த குரல். கவுன்டரில் இருந்த ஆளிடம் திரும்பி, "ஏலே, ஃபேனைக் குறை. நாலு டீ சொல்லு" என்றவர், நாற்காலியை அவளுக்குத் தானே இழுத்துப் போட்டார். "நான் சுத்தி வளைக்கல. என் மச்சான் விஜய்பாண்டி நாளைக்கு வாரான். வடகரை லைனையும் நம்மளோட சேக்கலாமான்னு யோசிக்கான். வந்த உடனே அந்தச் சல்லடையைத்தான் பாப்பான்."

"பாக்கட்டும் அண்ணாச்சி. நானே காட்டுதேன்."

"என்னத்தக் காட்டுவீக? எங்க ஊர் நம்பர் ஒவ்வொண்ணுக்கும் நேரா வேண்டாம் வேண்டாம்னு எழுதி வச்சிருக்கதையா? சம்பந்தம் பண்ணினப்புறம் சீர்த்தட்டை வாசல்லயே நிறுத்திச் சலிச்சுப் பாப்பாகளா எங்கயாவது?"

"சீரை நாங்க உள்ள எடுத்தாச்சு அண்ணாச்சி. அந்தத் தட்டையே உங்க வீட்டுக்குத் திருப்பி அனுப்பிறக் கூடாதுன்னுதான் எழுதி வச்சிருக்கு."

ரிஃபாத் இருமினான். இசக்கிப்பாண்டியே சிரித்துவிட்டார். "பேசத் தெரிஞ்ச பிள்ளையத்தான் வேலைக்கு வச்சிருக்கீக அண்ணாச்சி" என்றார் கோமதிசங்கரைப் பார்த்து.

அவள் ஜன்னலைக் காட்டினாள். "அந்த ரூமுக்கு இங்கனருந்து எப்படிப் போவீங்க?"

"ரோட்டைக் கடந்தா ஆச்சு."

"அன்னைக்கு உங்க கேமராப் படம் இலஞ்சிக்குப் போச்சு. அங்கருந்து தென்காசி. தென்காசியிலருந்து மேலகரம் வழியா இங்க வந்து, மறுபடியும் இலஞ்சி. சுத்திச் சுத்தி வழியிலயே செத்துப்போச்சு. இந்த ரோட்டை மட்டும் அது கடக்கல. அந்த ஆளு பழைய படத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. கீழ ஜனம் குளிச்சிக்கிட்டிருந்துச்சு."

இசக்கிப்பாண்டி ஜன்னலையும் டிவியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"வெளங்குது தங்கச்சி" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அவளுக்குள் ஏதோ தளர்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

"வெளங்காம இல்ல. ரிஃபாத்து அன்னைக்கே சொன்னான். ஆனா நான் மச்சான்கிட்டச் சொல்லிட்டேனே, தென்காசிக்காரங்க அதை எடுத்துட்டாங்கன்னு. நாளைக்கு வந்து பாத்து, இருக்கேன்னு கேட்டா நான் மூஞ்சியை எங்க கொண்டு வச்சுக்கிட? அக்காமாரெல்லாம் கூட வாராக."

விட்ட மூச்சு பாதியில் நின்றது. புரியவில்லை என்றால் இன்னொரு முறை சொல்லலாம். டம்ளரை நகர்த்தலாம். புரிந்துகொண்டு கேட்பவருக்கு எதை நகர்த்திக் காட்டுவது? இத்தனை நாளும் தான் தொண்டை வறளப் பேசியது வேறு யாருக்கோ என்றிருந்தது.

"வேற விதமா எழுதித் தாரேன் அண்ணாச்சி" என்றாள். "உங்க நம்பர் ஒண்ணுகூட வெளிய தெரியாது. ரெண்டு வாரம் கொடுங்க, சோதிச்சுப் பாத்துட்டு மாத்திருதேன்."

"அப்பவும் சல்லடை இருக்கும்லா?"

"இருக்கும்."

"அப்ப என்ன? மச்சான் கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணு. இருக்கா, இல்லையா."

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. கோமதிசங்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் எப்போதும் கட்டளை போட மாட்டார், கேட்பார். குழந்தை பிறந்து மூன்று வருஷம் வீட்டிலிருந்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது, எல்லோரும் கை மறந்திருக்குமே என்றார்கள். அவர் மட்டும், "உன் சேர் அங்கனயேதான் இருக்கு" என்றார். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டுகிறவராக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும்.

"உமா, ரெண்டே நாள். திங்கக்கிழமை காலைல நீயே போட்டுரு. அன்னைக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா."

"அன்னைக்குத் தண்ணி ஏறல சார்."

"நாளைக்கும் ஏறாது. எனக்காகம்மா."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். ரிஃபாத் அவளை நிமிர்ந்து பார்த்தான். இசக்கிப்பாண்டியின் முகம் மலர்ந்தது. செல்பேசியை எடுத்து, "மச்சான், எடுக்காங்க, என் கண்ணு முன்னாலதான்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வாசல்பக்கம் போனார்.

இலஞ்சி ரவுட்டருக்குள் போய் அந்த வரிகளைத் திரையில் கொண்டுவந்தாள். ஓர் அழுத்தலில் போய்விடும். விரல் அந்த இடத்துக்குத் தானாகவே போவதை யாரோ ஒருவருடைய விரலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். 'வாங்க' என்று சொன்ன வாய் மாதிரியேதான் இதுவும். யாரோ கேட்டது தனக்குள் நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தன் விருப்பம்போலவே வெளியே வருகிறது. இரண்டு நாள்தானே, திங்கட்கிழமை போட்டுவிடலாமே என்று இப்போது மனத்துக்குள் சொல்வது யார்? குரல் தன்னுடையதாகத்தான் இருக்கிறது. ஆனால் இது சற்று முன்பு கோமதிசங்கர் சொன்னதல்லவா?

டிவியைப் பார்த்தாள். பாறை இடுக்கில் ஒரு சுள்ளி மாட்டிக்கொண்டு துடித்தது. பிறகு விடுபட்டுக் கீழே போனது. படம் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குக் காலையில் கல்யாணசுந்தரியும் அவள் பிள்ளைகளும் தலையில் எண்ணெயோடு அதன் கீழே நிற்பார்கள்.

அந்த வரிகள் அப்படியே இருக்கின்றன என்று மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டு வெளியே வந்தாள். லேப்டாப்பை மூடினாள்.

"ஆச்சாம்மா?" என்றார் கோமதிசங்கர்.

"இல்ல சார். நான் எடுக்கல."

வாசலில் பேசிக்கொண்டிருந்த இசக்கிப்பாண்டி செல்பேசியைக் காதிலிருந்து இறக்கினார்.

கோமதிசங்கர் கோபப்படவில்லை. பொறுமையாக, அவளுக்கு ஒரு சிரமத்தைக் குறைப்பவர்போல, "சரி, உனக்கு மனசு ஒப்பல. விடு" என்றார். "பாஸ்வேர்டை ரிஃபாத்துகிட்டச் சொல்லு. அவன் எடுக்கட்டும். உன்மேல ஒரு சொல் வராது."

ரிஃபாத் ஜன்னலுக்கு வெளியே காவலாளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதையும் சொல்ல மாட்டேன் சார்" என்றாள் உமாதேவி. குரல் உயரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. லேப்டாப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பாதியில் மாட்டிக்கொண்டது. அவசரப்படாமல் பின்னுக்குத் தள்ளி, மறுபடி இழுத்து மூடினாள்.